கோயில் சுவருக்குள் வளர்ந்த பள்ளிக்கூடம்
வட்டுக்கோட்டைக் கட்டிடத்தின் வரலாறு

இறைவனின் திருவருளால் ஒரு பங்கு ஜூபிலி கொண்டாடும்போது, ஆலயத்தின் வரலாற்றைப் பெருமையோடு எழுதி வைக்கிறோம். அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணிக்கூண்டு எழுந்த ஆண்டு, பங்கைக் கண்காணித்த குருக்களின் வரிசை ஆகிய எல்லாம் மலரில் இடம் பெறுகின்றன. ஆனால் ஆலயத்தின் பக்கத்திலேயே நிற்கும் பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. நம் தாய் தந்தையர் அரிச்சுவடி பிடித்த இடம் அதுதான். ஞானோபதேசம் ஒப்புவித்ததும், மழைக்கு ஒதுங்கியதும், வெள்ளம் வந்தபோதும் தேர்தல் வந்தபோதும் ஊரே கூடியதும் அங்கேதான். ஆயினும் அதன் சுவரைக் கட்டியவர் யார், கூரையை மாற்றியவர் யார் என்று கேட்டால் விடை சொல்ல ஆள் கிடைப்பது அரிது.

ஒரு பள்ளிக் கட்டிடத்தின் வரலாறு எவ்வளவு பெரிய வரலாறாக இருக்கக் கூடும் என்பதைக் காட்ட, இம்மலரில் ஒரு பழைய கட்டிடத்தின் கதையைப் பங்கு மக்கள் முன் வைக்கிறோம். அது நிற்பது இலங்கையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்குப் பக்கத்திலுள்ள வட்டுக்கோட்டை என்ற சிற்றூரில். கடல் கடந்த ஊர்க் கதை நமக்கெதற்கு என்று யாரும் எண்ண வேண்டாம். கண்ணமங்கலத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் வராத குடும்பம் நம்மிடையே உண்டா? அந்த ஆஸ்பத்திரியின் வேரைத் தேடிப் போனால், அது வட்டுக்கோட்டையின் பக்கத்து ஊரில் போய் முடிகிறது.

வேலூருக்கும் வட்டுக்கோட்டைக்கும் என்ன உறவு?

1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவப் பணியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து 1819இல் புறப்பட்டு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவமும் போதனையும் செய்தார். 1836இல் அவர் சென்னைக்கு மாறினார். 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்த அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், தம் தம்பிமாரோடு சேர்ந்து 1853இல் ஆர்க்காட்டு மிஷனை நிறுவினார். அந்த மிஷனின் தொடக்க கால நிலையங்களுள் நம் ஆரணியும் ஒன்று. பட்டுத்தறி ஓசை கேட்கும் நம் வட்டாரத்திற்கு அச்சபையார் பள்ளிக்கூடமும் மருந்தும் கொண்டு வந்தபோது, தகப்பனார் யாழ்ப்பாணத்தில் பெற்ற அனுபவமும் அவர்களோடு வந்தது. பண்டத்தரிப்பும் வட்டுக்கோட்டையும் ஒரே மிஷனின் அண்டை நிலையங்கள். ஆதலால் வட்டுக்கோட்டைப் பள்ளியின் கதை நமக்கு அந்நியம் அல்ல.

முதற் சுவர்

போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்தில் பிரான்சிஸ்கன் சபைக் குருக்களும் சேசு சபைக் குருக்களும் குடாநாடெங்கும் பங்குகளை ஏற்படுத்தி, ஊருக்கு ஊர் ஆலயம் எழுப்பினார்கள். வட்டுக்கோட்டையிலும் ஒரு கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. நாம் சொல்ல வந்த கட்டிடத்தின் முதற் பிறப்பு அதுவே.

நம் கண்ணமங்கலம் மலையடிவாரத்து ஊர். கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. யாழ்ப்பாணமோ மலையும் ஆறும் இல்லாத சமநிலம். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, கரையோரத்தில் முருகைக்கல், தலைக்கு மேலே பனைமரம் ஆகிய இம்மூன்றே அந்நாட்டுக் கொத்தனுக்கும் தச்சனுக்கும் கிடைத்த செல்வம். முருகைக்கல் என்பது கடலில் சிற்றுயிர்கள் கட்டிய கூடு இறுகிக் கல்லானது. வெட்டி எடுக்க எளிது. பிறகு காற்றில் காய்ந்து உறுதிப்படும். அதையே சூளையிலிட்டுச் சுட்டால் சுண்ணாம்பும் ஆகும். ஆகவே சுவரின் கல்லும் அக்கல்லை ஒட்டும் சாந்தும் ஒரே கடலிலிருந்து வந்தவை. கருங்கல்லைப் போலப் பெருஞ்சுமையைத் தாங்காத கல் ஆதலால், சுவரை மிகத் தடிப்பாக எழுப்ப வேண்டியிருந்தது. வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே நீண்ட கற்பாளம் வைக்க வழியில்லாததால், சிறு கற்களை வளைவாக அடுக்கினார்கள். தடித்த சுவரும் அரைவட்ட வளைவும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. கிடைத்த கல்லின் குணமே அக்கட்டிடத்தின் உருவத்தைத் தீர்மானித்தது. கூரைக்கு முதிர்ந்த பனையின் வைரத்தை அறுத்துச் சட்டமும் கைமரமும் செய்தார்கள். கறையான் எளிதில் தொடாத அந்தப் பனஞ்சட்டங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடுகளுக்கும் கப்பலேறிய பொருள்.

கை மாறிய கோயில்

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்களை நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். ஆலயங்களைத் தம் வசமாக்கினார்கள். வட்டுக்கோட்டை ஆலயமும் அவர்கள் கைக்குப் போயிற்று. பழைய சுவர்களை இடித்துத் தள்ளாமல், திருத்தியும் புதுக்கியும் தம் வழிபாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பிலிப்புஸ் பால்தேயுஸ் என்பவர் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட பெரிய நூலில், குடாநாட்டின் கோயில்களைச் சித்திரங்களுடன் விவரித்திருக்கிறார்.

ஒல்லாந்தர் ஆட்சியில் அந்தக் கோயில்களே பள்ளிக்கூடங்களாகவும் இருந்தன. ஒரு கூரையின் கீழேயே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் மற்ற நாட்களில் பாடமும் நடந்தன. பள்ளி வாத்தியார் பாடம் சொன்னதோடு, ஊரார் பிறப்பையும் திருமணத்தையும் ‘தோம்பு’ என்ற பதிவேட்டில் எழுதினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் இருந்தது. திருமணப் பதிவும் சொத்துரிமையும் அந்தச் சபையின் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்டன. அச்சத்தினால் பதிவேட்டில் பெயர் சேர்த்தவர்கள், ஆட்சி மாறியதும் தம் பழைய வழியே திரும்பினார்கள். பயமுறுத்திப் பதித்த பெயர் ஏட்டில் நிற்கும், இதயத்தில் நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் முன்னோராகிய கத்தோலிக்க மக்களுக்கு அது பெருஞ்சோதனைக் காலம். ஆலயம் இல்லை, குருவானவர் இல்லை, திருப்பலி இல்லை. அந்த இருளில் 1687இல் பிச்சைக்காரனைப் போல் மாறுவேடம் பூண்டு கோவாவிலிருந்து வந்து சேர்ந்தவர் அருட்தந்தை ஜோசப் வாஸ். பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலை என்ற ஊரின் மக்கள் அவரை மறைத்துக் காத்தார்கள். இரவில் வீடுகளில் திருப்பலி நடந்தது. தம் பாட்டன்மார் கட்டிய ஆலயங்கள் பகலில் கண்ணுக்குத் தெரிய, அவற்றில் கால் வைக்க இயலாமல் குடிசைக்குள் மண்டியிட்ட அந்த மக்களின் விசுவாசத்தை எண்ணும்போது உள்ளம் உருகுகிறது. அந்த ஜோசப் வாஸ் அடிகளார் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்டார்.

பாழடைந்த சுவரும் புதிய பள்ளியும்

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமானது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கோயில்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் கொழும்பில் வந்திறங்கினார்கள். தேசாதிபதி பிரௌன்றிக் யாழ்ப்பாணத்தில் பணியாற்ற அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களுடைய முதல் இரு நிலையங்கள். வட்டுக்கோட்டைக்கு வந்த மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் கண்டதென்ன? கூரை இல்லை, கதவு இல்லை, சன்னல் இல்லை. ஆனால் சுவர்கள் மட்டும் அசையாமல் நின்றன. முருகைக்கல்லும் நீற்றுச் சுண்ணாம்பும் மழையையும் வெயிலையும் தாங்கி, புதிய கூரைக்காகக் காத்திருந்தன.

இந்தச் சுவர்களுக்குள்ளும் இவற்றைச் சுற்றியும் எழுந்ததே வட்டுக்கோட்டை செமினரி. 1823 ஜூலையில் அது தொடங்கியது. பெயர் குருமடம் போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஓர் உயர்கல்விக் கழகம். டானியல் பூவர் முதல் தலைவரானார். இலங்கை நீதிபதியாயிருந்த சர் ரிச்சர்டு ஒட்லி என்பவர் உதவியதால் அவர் பெயராலேயே ‘ஒட்லி மண்டபம்’ ஒன்றும் எழுந்தது. சென்னையில் பல்கலைக்கழகம் தோன்றியது 1857இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு 34 ஆண்டுகள் முன்பே ஒரு சிற்றூரில் நடந்த இம்முயற்சியின் பெருமை விளங்கும்.

அங்கே ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானநூலும், தத்துவமும் இயற்கை விஞ்ஞானமும் கற்பித்தார்கள். தமிழ் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஒதுக்கி வைக்கவில்லை. ஊர்ப் புலவர்களை அமர்த்திக் கற்பித்தார்கள். பக்கத்து ஊரான அராலியில் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் என்பவர் இருந்தார். 1829இல் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை அவரும் கணித்தார், பூவரும் கணித்தார். இருவர் கணக்கும் வேறுபட்டன. கிரகணத்தன்று ஊரார் கூடி வானத்தைப் பார்த்தபோது, பூவரின் கணக்கே சரியாயிருந்தது. அன்றைய வாதத்தில் யார் வென்றார் என்பதைக் காட்டிலும், ஊர் மக்கள் தம் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதே நம் கருத்தில் பெரிது.

தொடக்கத்தில் பெற்றோருக்குத் தயக்கம் இருந்தது. மிஷன் வளவில் உண்டால் சாதி கெடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் ஒரு நாளில் வந்துவிடவில்லை. இன்று நம் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நிற்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறோம். அந்த ஒரு வரிசைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் போராட்டம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

கட்டிடம் பெற்ற பிள்ளைகள்

ஒரு பள்ளிக் கட்டிடத்தின் மதிப்பு அதன் தூண்களில் இல்லை. அதிலிருந்து வெளியே போனவர்களிடம் இருக்கிறது. 1841இல் தோன்றிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையை நடத்தியவர்கள் இச்செமினரியில் பயின்றவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இதே வட்டுக்கோட்டைப் பிள்ளைகள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சேனாவரையர் உரையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை 1868இலும், வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் அச்சில் ஏற்றினார். ஏட்டில் செல்லரித்துக் கொண்டிருந்த சங்கத் தமிழை உ. வே. சாமிநாதையரோடு சேர்த்து நமக்குக் காத்துக் கொடுத்த பெருமகன் அவர். 1862இல் வின்சுலோ வெளியிட்ட பேரகராதியின் பின்னாலும் யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் உழைப்பு இருக்கிறது.

இதில் ஒரு செய்தி உண்டு. விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் பின்னாளில் சைவர்களாகவே வாழ்ந்தார்கள். செமினரியை நடத்தியவர்கள் எதிர்பார்த்தது அதுவன்று. ஆனால் அவர்கள் கொடுத்த கல்வி வீணாயிற்றா? தமிழ் படிக்கும் ஒவ்வொருவரும், அவர் எம்மதத்தினராயினும், அதன் பயனை இன்றும் அனுபவிக்கிறோம். நம் பங்குப் பள்ளிகளிலும் படித்து வெளியேறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிற சமயத்தினரே. அவர்களுக்குக் கற்பிப்பது கைம்மாறு கருதாத பணி. விதைத்தவன் கையாலேயே அறுக்க வேண்டும் என்ற நியதி கல்விக்கு இல்லை.

மூடிய கதவு, திறந்த கதவு

1855ஆம் ஆண்டு இக்கதையின் துயர அத்தியாயம். பூவர் அவ்வாண்டின் தொடக்கத்தில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அதே ஆண்டில், பாஸ்டன் நகரத்துத் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்ததன் பயனாகச் செமினரி மூடப்பட்டது. அவர் சொன்ன காரணம் இது: ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்தையும் வெளியூரையும் நாடிப் போய்விடுகிறார்கள், ஊரோடு இருந்து சபைக்கு உழைப்பவர்கள் குறைவு, ஆதலால் தாய்மொழியில் கற்பித்தால் போதும். தாய்மொழிக் கல்வி வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படித்தவன் நமக்கு எவ்வளவு பயன்பட்டான் என்று மட்டுமே கணக்குப் பார்த்து, படிக்க நிற்பவன் முகத்தில் கதவைச் சாத்துவது நியாயமா? 1854இல்தான் இந்தியாவில் சர் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் கொள்கையை அறிவித்திருந்தது. அக்கொள்கையின் வழியேதான் நம் மாவட்டத்து மிஷன் பள்ளிகள் பலவும் பிழைத்தன. ஒரு கரையில் கல்விக்குக் கதவு திறக்கும் வேளையில், மறு கரையில் வட்டுக்கோட்டையின் கதவு மூடியது.

அத்துடன் கதை முடிந்திருந்தால் இதை எழுதும் தேவையே இல்லை. அந்தப் பள்ளியில் படித்தவர்களும் ஊர்க் கிறிஸ்தவ மக்களும் சும்மா இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வேண்டும் என்று மன்றாடினார்கள், எழுதினார்கள், தம் கைப்பொருளைத் திரட்டினார்கள். அதன் பலனாக 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. முதற் பள்ளியைக் கட்டியவர்கள் வெளிநாட்டார். இரண்டாம் முறை அதை வேண்டி எழுப்பியவர்கள் ஊரார். இந்த மாற்றமே வட்டுக்கோட்டை வரலாற்றின் உயிர்நாடி என்பது எங்கள் எண்ணம். கொடுத்தவன் போன பிறகும் பெற்றவன் அதைத் தனதாக்கிக் காப்பாற்றினால்தான் அது நிலைக்கும்.

பழைய ஆலயமோ மீண்டும் ஆலயமாகவே விளங்குகிறது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணப் பேராயத்தின் தலைமை ஆலயமாயிற்று. அதன் முதல் பேராயர் தமிழறிஞர் சபாபதி குலேந்திரன் அவர்கள். கத்தோலிக்கர் கட்டினார்கள், ஒல்லாந்தர் எடுத்துக் கொண்டார்கள், அமெரிக்கர் கூரை போட்டார்கள், தமிழர் காத்து வருகிறார்கள். ஒருவரோடு ஒருவர் முரண்பட்ட இத்தனை பேருக்கும் இடம் கொடுத்தது அந்த முருகைக்கல் சுவர். 2023இல் அச்செமினரி தோன்றி இருநூறு ஆண்டுகள் நிறைந்தன.

நம் கடமை

வட்டுக்கோட்டைச் சுவர் கூரை இல்லாமலும் நின்றதன் இரகசியம் சுண்ணாம்பு. நம் பகுதியின் பழைய பள்ளிகளும் சுண்ணாம்பால் கட்டியவையே. செங்கல் சுவர், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து அரைத்த சாந்து, தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களை நெட்டாக அடுக்கிக் கொட்டி அடித்த மெட்ராஸ் டெரஸ் தளம் அல்லது மங்களூர் ஓடு, வெயிலும் சாரலும் வகுப்புக்குள் வராதபடி நீண்ட தாழ்வாரம், சூடான காற்று மேலே போக உயரமான கூரை என்று மின்விசிறி இல்லாத காலத்தில் யோசித்துக் கட்டினார்கள். அத்தகைய கட்டிடங்களைப் பேணுவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, கவனம் வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறி உலர்ந்து விடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல் பொரிந்து உதிரும். ஆகவே சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பழுது பார்க்க வேண்டும். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்க வேண்டும். மரமான பிறகு வெட்டினால் சுவரும் சேர்ந்து போகும். மழைக்கு முன் தளத்து நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்ய வேண்டும். உடைந்த ஓட்டை அந்த வாரமே மாற்ற வேண்டும். ஓர் ஓட்டின் ஒழுக்கு ஒரு கைமரத்தைக் கெடுக்கும், கைமரம் கெட்டால் கூரையே சாயும். பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்தான நிலையை ஒரு கட்டிடம் அடைந்திருந்தால், பழைமை என்ற பெயரால் அதில் வகுப்பு நடத்துவது தவறு. ஆனால் இடிக்கும் முன், அறிந்த பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நலம். படமெடுத்து, நீளம் அகலம் அளந்து எழுதி வைப்பதும் நலம்.

கட்டிடத்தைப் போலவே பதிவேடுகளும் காக்கப்பட வேண்டியவை. பழைய சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரும் தகப்பனார் தொழிலும் படிப்பை நிறுத்திய நாளும் இருக்கும். தறியில் உட்காரப் படிப்பை நிறுத்தியவர் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் முதன்முதலாக எந்த ஆண்டு வந்தார்கள், எந்தப் பஞ்சத்தில் வருகை குறைந்தது என்பதையெல்லாம் அந்த ஏடுதான் சொல்லும். கறையானுக்கு இரையாகும் முன் அவற்றை நகலெடுத்து வைப்பது, கல்வெட்டைப் படியெடுப்பதற்கு ஒப்பான பணி. இன்று நம்மிடையே வாழும் எண்பது வயதுப் பெரியவர்களிடம் அவர்கள் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டு எழுதி வைக்க இளைஞர்கள் முன்வர வேண்டும்.

வட்டுக்கோட்டை மக்கள் மூடிய பள்ளியைத் திறக்க வைத்தார்கள். நமக்கோ பள்ளிகள் திறந்தே இருக்கின்றன. அவற்றின் சுவரைக் காப்பதும், அச்சுவருக்குள் வரும் எந்தப் பிள்ளையையும் சாதி மதம் பாராது வரவேற்பதும் நம் பொறுப்பு. நம் முன்னோர் நமக்கு ஒரு கூரை வைத்துப் போனார்கள். அது ஒழுகாமல் அடுத்த தலைமுறையின் கையில் சேர, பங்கு மக்கள் அனைவருக்கும் இறைவன் நல்ல மனமும் ஒற்றுமையும் அருள்வாராக.